மேல் தட்டில் வைத்த தாள்

மலர், குமரா,

போன மாதம் குமரன் போனில் ஒரு விஷயம் சொன்னான். அவன் வேலை செய்யும் இடத்தில் பழைய தாள்களைக் கேமராவுக்குக் கீழே வைத்தால் போதுமாம், எந்தத் தாள் எந்தப் புத்தகத்தைச் சேர்ந்தது என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடுமாம். "நீங்கள்லாம் எதைப் பாத்துப்பா கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டான். "புழு ஓட்டையைப் பாத்து" என்றேன். அவன் சிரித்தான். பக்கத்தில் மலர் சிரிக்கும் சத்தமும் கேட்டது.

சிரித்ததில் எனக்கு வருத்தமில்லை. நீங்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அப்பா என்ன வேலை என்று கேட்டால் "துபாயில பைண்டிங்" என்று சொல்வீர்கள். அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குள் அடங்காத வேலை ஒன்று அங்கே நடந்தது. அதைச் சொல்ல எனக்கு நேரம் இருந்ததில்லை. இப்போது நேரம்தான் இருக்கிறது. எழுதுகிறேன்.

நான் ஒன்பதாவது வரை படித்தவன். சிவகாசியில் ஒரு அச்சகத்தில் நோட்டுப் புத்தகம் தைக்கக் கற்றேன். ஊர்க்காரர் ஒருவர் மூலமாக விசா கிடைத்து ஷார்ஜாவில் ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனிக்குப் போனேன். அங்கே வந்துபோகும் கீழக்கரைக்காரர் ஒருவர் பழக்கமானார். சாகுல் காக்கா. அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர்தான், "முத்து, அட்டைப்பெட்டி ஒட்டிக்கிட்டு எத்தன நாளைக்குக் கெடப்ப? ஒன் கைக்கு வேற வேலை இருக்கு, வா" என்று தான் வேலை செய்த இடத்துக்கு என்னைக் கூட்டிப் போனார். இதெல்லாம் சொன்னால் நீளும். விடுகிறேன்.

அந்த இடம் துபாயில், அல் கூஸில், ஒரு கிடங்கு. முன்பக்கம் முழுக்க ஏ.சி. உதிரிபாகங்கள், பின்பக்கம் எங்கள் அறை. இரண்டுக்கும் முதலாளி ஒருவரே. அர்பாப் என்று சொல்வோம். எங்கள் விசா அவர் பேரில் இருந்தது. அவர் கையெழுத்து இல்லாமல் யாரும் அந்த நாட்டுக்குள் வரவும் முடியாது, இருக்கவும் முடியாது. அவருக்குப் பழைய கையெழுத்துப் புத்தகங்கள் மேல் ஆசை. எங்கெங்கிருந்தோ வாங்குவார். கிழிந்ததை ஒட்டி, பிரிந்ததைத் தைத்து, அழகான தாளைச் சட்டம் போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை.

அறைக்குப் பெரியவர் ஹிக்மத். உஸ்தாத், அதாவது ஆசான், என்று கூப்பிடுவோம். பாக்தாத்காரர், முஸ்லிம். அவருடைய தகப்பனாருக்கு அங்கே புத்தகம் கட்டும் கடை இருந்ததாம். குவைத் போர் முடிந்த பிறகு எப்படியோ இங்கே வந்து சேர்ந்தவர். மனைவியும் மகளும் ஜோர்டானில், அம்மானில், ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். அல் கூஸ் புழுதியில் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வேலைக்கு வந்த ஒரே மனிதர் அவர்தான். காலணி கண்ணாடிபோல இருக்கும். வாசலில் கழற்றி, சுவர்ப்பக்கம் முகம் திருப்பி வைப்பார். காக்கா அதைப் பார்த்து, "செருப்புக்கு வெக்கம் வருது போல" என்பார்.

உஸ்தாத் எங்களிடம் பேசியது அரைகுறை உருது, நடுவில் அரபி. நான் தமிழிலேயே எழுதுகிறேன். திட்ட மாட்டார். நான் ஒட்டிய இடம் சரியில்லை என்றால் மடிப்பு அழுத்தும் எலும்புத் தகட்டால் மேஜையில் இரண்டு தட்டு தட்டுவார், "மறுபடி" என்பார், போய்விடுவார். என்ன தப்பு என்று நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். கோதுமை மாவுப் பசையைத் தினமும் புதிதாகக் காய்ச்ச வேண்டும், நேற்றைய பசை கூடாது. தேநீர் அறைக்கு வெளியேதான். ஈரக் கையால் எந்தத் தாளையும் தொடக் கூடாது. கையைக் கழுவிவிட்டு வந்தால் துடைத்தது போதாது, ஏ.சி. காற்றில் காட்டி நன்றாகக் காய்ந்த பிறகுதான் மேஜைக்கு வர வேண்டும். புழு தின்ற ஓட்டையை முழுக்க அடைக்கவும் கூடாது. பின்பக்கம் மெல்லிய ஜப்பான் தாளை ஓட்டையைச் சுற்றி மட்டும் ஒட்டிப் பலப்படுத்த வேண்டும். ஓட்டை ஓட்டையாகவே தெரிய வேண்டும். "அதுவும் புத்தகத்தின் கதைதான்" என்பார்.

இன்னொரு விதி இருந்தது. நீங்கள் புரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான். புதிதாக ஒரு கட்டு வந்தால் முதல் நாளே உஸ்தாத் அதை மூன்றாகப் பிரிப்பார். குர்ஆன் தாள்கள் ஒரு கூட்டம். மற்ற அரபிப் புத்தகங்கள் ஒரு கூட்டம். வேறு எழுத்து எதுவானாலும் மூன்றாவது. குர்ஆன் தாள்களைப் பச்சைத் துணியில் சுற்றி அலமாரியின் மேல் தட்டில் வைப்பார்கள். அதற்கு மேலே எதுவும் இருக்காது. அதை உஸ்தாதும் காக்காவும் மட்டும் தொடுவார்கள், அதுவும் தொழுகைக்குச் செய்வதுபோல முகம் கைகால் கழுவி ஒளு செய்துவிட்டு. மூன்றாவது கூட்டம் கீழ் இழுப்பறைக்கு வரும். அது என் மேஜை.

நான் இந்து என்பதால் யாரும் முகம் சுளித்ததில்லை. எனக்கும் அதில் ஒரு குறையும் தோன்றவில்லை. நம் ஊரிலும் மடப்பள்ளிக்குள் யார் போகலாம், யார் போகக் கூடாது என்று இருக்கத்தானே செய்கிறது. காக்கா மட்டும் சில நேரம் கிண்டல் செய்வார். "செவ்வாக்கெழமை கறி திங்க மாட்டேங்குற, நான் ஒண்ணும் கேக்குறனா? அதுமாதிரிதான் இது. ஒன் சட்டம் ஒனக்கு, என் சட்டம் எனக்கு."

ஒரு வருஷம், வெயில் தொடங்குவதற்கு முன்னால், தகரப் பெட்டியில் ஒரு கட்டு வந்தது. பாக்தாதில் பல குடும்பங்கள் வீட்டில் இருந்ததையெல்லாம் விற்றுக்கொண்டிருந்த நேரம் அது. எல்லாம் கலந்து கிடந்தது. உஸ்தாத் ஒவ்வொரு தாளாக முகர்ந்து, தடவி, மூன்றாகப் பிரித்தார். அதில் ஒரே ஒரு தாளில் எழுத்தே இல்லை. முழுப் பக்கமும் பூவேலை. நீலமும் தங்கமும் முடிச்சு முடிச்சாகப் பின்னி, ஓரத்தில் வேப்பிலை வடிவத்தில் ஒரு சின்னப் பதக்கம். தொழுகை விரிப்பை மேலிருந்து பார்ப்பதுபோல இருந்தது. பெரிய குர்ஆன் பிரதிகளில் முதல் பக்கம் இப்படித்தான் இருக்குமாம். உஸ்தாத் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார், எழுந்து போய் ஒளு செய்துவிட்டு வந்தார். பிறகு அந்தத் தாளைத் தூக்கி மேல் தட்டில் வைத்தார்.

அர்பாப் வந்து பார்த்தார். அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. சட்டம் போட்டுத் தன் வீட்டு மஜ்லிஸில், அதாவது விருந்தாளிகள் உட்காரும் கூடத்தில், மாட்டச் சொன்னார். தாளை ஒட்டியது காக்கா. நான் செய்தது அட்டையில் ஜன்னல் வெட்டியதும் பின் அட்டை வைத்ததும்தான். பின்னால் வைக்க முதலில் வெள்ளை அட்டை எடுத்தேன். உஸ்தாத் இரண்டு தட்டு தட்டினார். சாம்பல் நிற அட்டை எடுத்தேன், தலையாட்டினார். தாளில் மேலிருந்து கீழாகச் சாய்வாக மூன்று புழு ஓட்டைகள். வெள்ளை வைத்தால் அவை பளிச்சென்று தெரியும், சாம்பல் என்றால் அடங்கியிருக்கும். ஒரு குர்ஆனின் முகப்பு என்று அர்பாப் விருந்தாளிகளிடம் சொன்னார். அவர்கள் எழுந்து நின்று பார்த்தார்களாம். அர்பாபின் டிரைவர் வந்து சொன்னான்.

மூன்றாவது கூட்டம் என் இழுப்பறையில் கிடந்தது. யூதர்களின் எபிரேய எழுத்து. அர்பாபுக்கு அது வேண்டாம். தைத்துச் சரியாக்கிக் கொடுத்தால் லண்டனிலிருந்து வரும் ஒரு வியாபாரி எடுத்துக்கொள்வார் என்று பேச்சு. அவசரமில்லாத வேலை. வெயில் காலத்தில் வேறு வேலை குறைந்தபோது அதை எடுத்தேன்.

எடுத்த பிறகு விட மனமில்லை. ஏனென்றால் அதில் படங்கள் இருந்தன. ஒரு குடும்பம் விரிப்பில் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. ஆண்கள் எல்லோருக்கும் தலைப்பாகை, முறுக்கிய மீசை. நடுவில் தாம்பாளம், பக்கத்தில் காபிக் கெண்டி. இன்னொரு படத்தில் ஒரு ராஜா ஹுக்கா பிடிக்கிறார். இன்னொன்றில் ஆறு ஓடுகிறது, அதில் வட்டமாக ஒரு பரிசல், பரிசலுக்குள் ஒரு கைக்குழந்தை. ஒகேனக்கலில் நாம் ஏறினோமே, அதே பரிசல்.

"காக்கா, இதைப் பாருங்க. பரிசல்ல புள்ளையை விட்டுருக்காங்க" என்றேன்.

காக்கா எட்டிப் பார்த்தார். "இது மூஸா நபிப்பா! எகிப்து ராசா ஃபிர்அவ்ன் ஆம்புளப் புள்ளைகளைக் கொல்லச் சொன்னான்ல, உம்மாக்காரி பொட்டியில வச்சு ஆத்துல விட்டாங்க. அட, இவன் ஃபிர்அவ்னுக்கு ஹுக்கா வேற குடுத்துருக்கான்!"

உஸ்தாத் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். "வரைந்தவன் பாக்தாத்காரன். அவன் கண்ட ஆறு எங்கள் ஆறு. எங்கள் ஆற்றில் பரிசல்தான் ஓடும். அவன் கண்ட ராஜா துருக்கிக்காரப் பாஷா. வேறு எதை வரைவான்?"

பிறகு அவர் அந்த எழுத்தில் விரல் வைத்து, மெதுவாக, எழுத்துக் கூட்டி ஒரு வரி வாசித்தார். காக்கா நிமிர்ந்தார். "இது அரபில்ல?"

அரபிதான். பாக்தாத் யூதர்கள் வீட்டில் பேசியது அரபி, எழுதியது தங்கள் வேத எழுத்தில். அவர்கள் எகிப்திலிருந்து விடுபட்ட நாளைக் கொண்டாடும் பண்டிகையில் குடும்பமாக உட்கார்ந்து சாப்பாட்டுக்கு நடுவே வாசிக்கும் புத்தகமாம் இது. பக்கங்களில் எண்ணெயும் குழம்புமாகக் கறை இருந்ததற்குக் காரணம் அதுதான். வேத மொழி பிள்ளைகளுக்குப் புரியாது என்று, ஒவ்வொரு வரிக்கும் கீழே வீட்டு அரபியில் அர்த்தம் எழுதியிருந்தார்கள். உஸ்தாதின் தகப்பனார் கடை இருந்த சந்தில் பாதி வீடுகள் யூதர்களுடையவை. அவர்கள் புத்தகமும் கட்டுக்கு வரும், பள்ளிவாசல் புத்தகமும் வரும். தாள் வரிசை தவறக் கூடாது என்பதற்காகச் சின்ன வயதில் அந்த எழுத்துகளைத் தெரிந்துவைத்துக்கொண்டாராம். அட்டையில் பூ அழுத்தும் அச்சு இரண்டுக்கும் ஒன்றே. தங்கம் தீட்டிய ஆளும் ஒருவனே.

காக்கா, "இதுல என்ன அதிசயம்? எங்க வாப்பா ஓதுன கிதாபு எல்லாம் தமிழுதான், எழுத்துதான் அரபி. எங்கூர் பொம்பளைங்களுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, அரபி எழுத்துல தமிழைச் சரளமா வாசிப்பாங்க" என்றார். அதற்குப் பிறகு அந்த யூதப் புத்தகத்தின் மேல் அவருக்கும் ஒரு பிரியம் வந்துவிட்டது. போகும்போதும் வரும்போதும், "ஒன் மூஸா நபி எந்த மட்டுல இருக்காரு?" என்று கேட்பார். சேர்த்து மடித்துத் தைக்கும் சில தாள்களின் கட்டைத்தான் மட்டு என்போம்.

வெயில் குறைய ஆரம்பித்தபோது ஒட்டு வேலை முடிந்தது. அடுத்தது தையல். தைப்பதற்கு முன் உஸ்தாத் எப்போதும் ஒன்று செய்வார். எல்லாத் தாளையும் வரிசையாக அடுக்கி, ஓரம் தட்டிச் சமன் செய்து, நிமிர்த்திப் பிடிக்கச் சொல்வார். பின்னாலிருந்து விளக்கைக் காட்டுவார். புழு நேராகத் துளைத்துக்கொண்டு போகும், தாள் தாளாகத் தாண்டிக் குதிக்காது. அதனால் வரிசை சரியாக இருந்தால் ஓட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து, வெளிச்சம் புள்ளியாக இந்தப் பக்கம் வரும். ஒரு தாள் மாறியிருந்தாலும் வராது.

நான் பிடித்திருந்தேன். வெளிச்சம் வந்தது. மூன்று புள்ளி, மேலிருந்து கீழாகச் சாய்வாக.

"வந்துருச்சு உஸ்தாத்" என்றேன்.

அவர் விளக்கைக் கீழே வைத்தார். சுற்றி வந்து முதல் தாளின் ஓட்டைகளைப் பார்த்தார். முதல் தாளிலேயே ஓட்டை பெரிதாக இருந்தது. புழு அட்டைப் பக்கத்திலிருந்து சின்ன ஓட்டையாக நுழைந்து, தின்னத் தின்னத்தான் ஓட்டையைப் பெரிதாக்கும். அப்படியென்றால் இதற்கு முன்னால் ஒரு தாளாவது இருந்திருக்க வேண்டும். உஸ்தாத் எலும்புத் தகட்டைக் கையில் எடுத்தார், தட்டவில்லை. என்னிடம் கேட்டார்: "முத்து, அர்பாப் சட்டத்துக்கு என்ன நிற அட்டை வைத்தோம்?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் கண்ணாடிக்குள் ஈரம் கோத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி, காக்காவை அனுப்பிச் சட்டத்தை எடுத்துவரச் செய்தார். காக்கா வழியெல்லாம் புலம்பியிருக்கிறார். அறைக்குள் வரும்போதே, "அர்பாபு ரெண்டு தடவ கேட்டுட்டாரு, எப்பத் திரும்ப வரும்னு. வெள்ளிக்கெழம விருந்தாளி வராங்களாம். நான் என்னத்தைச் சொல்ல? தலையைத் தலையை ஆட்டிட்டு வந்தேன்" என்றார்.

உஸ்தாத் ஒளு செய்துவிட்டு வந்து சட்டத்தைப் பிரித்தார். அந்தத் தாளைத் தானே எடுத்து, நான் பிடித்திருந்த அடுக்கின் முன்னால் வைத்துச் சமன் செய்தார். காக்கா விளக்கைக் காட்டினார். தங்கப் பூக்களுக்கு நடுவிலிருந்து மூன்று புள்ளி வெளிச்சம் வந்தது.

காக்கா விளக்கை அணைத்தார்.

காக்காதான் முதலில் வாயைத் திறந்தார். "நான் ஒளு செஞ்சுட்டு ஒட்டுன தாளு இது" என்றார். குரலில் கோபம் இல்லை, ஒரு திகைப்பு.

"நானும்தான்" என்றார் உஸ்தாத். "நான்தான் அந்தக் கூட்டத்தில் வைத்தேன். பார்த்தவுடன் கை தானாகப் போனது. யூதர் புத்தகத்துக்கும் இதே ஆள்தான் இதே விரிப்பைத் தீட்டியிருப்பான் என்று தெரியாதவனா நான்? என் தகப்பன் கடையில் பார்த்தவன்தானே?"

இப்போது நான் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உஸ்தாதின் மனைவி, மகளுக்கு விசா எடுக்கும் விண்ணப்பம் அர்பாப் மேஜையில் இருந்தது. அவர் கையெழுத்து மட்டும் பாக்கி. வெகுநாள் நடையாய் நடந்து அந்த இடம்வரை வந்திருந்தது. அந்த வாரத்தில் போடுகிறேன் என்று அர்பாபே சொல்லியிருந்தார். அல் நஹ்தா பக்கம் ஒரு சின்ன பிளாட் கூட உஸ்தாத் பார்த்து வைத்திருந்தார்.

காக்கா கதவைச் சாத்திவிட்டு வந்தார். "உஸ்தாத், நான் சொல்றதைக் கேளுங்க. கையெழுத்து வரட்டும். அதுக்கப்புறம் சொல்லுங்க. இல்ல, சொல்லவே வேணாம். நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும். முத்து சொல்வானா? நான் சொல்வேனா? இந்தப் புழுவா வந்து சாட்சி சொல்லப் போவுது?"

"வியாபாரி எப்போது வருகிறான்?"

"சனிக்கெழம."

"இன்றைக்கு?"

"புதன்."

"இந்த மடிப்புகளைப் பார்த்தாயா சாகுல்?" உஸ்தாத் தாள்களின் முதுகைக் காட்டினார். நான் எத்தனை பட்டை ஒட்டியும் நைந்துதான் இருந்தது. "ஊசி ஒரு தடவை தாங்கும். இந்தத் தாள் இல்லாமல் இப்போது தைத்துக் கொடுத்தால், அப்புறம் பிரித்துச் சேர்க்க முடியாது. புத்தகம் லண்டனில் இருக்கும், முகம் இங்கே சுவரில் தொங்கும்."

"தொங்கட்டுமே! பொஞ்சாதி புள்ளை அங்க அம்மான்ல தொங்குதே, அது பெருசில்லையா?"

உஸ்தாத் காக்காவை நிமிர்ந்து பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காக்கா சொன்னதுதான் சரி என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. இன்றைக்குக் கேட்டாலும் இல்லை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். எனக்கும் ஊரில் நீங்கள் இருந்தீர்கள்.

உஸ்தாத் சட்டம் இல்லாத அந்தத் தாளைப் பச்சைத் துணியில் வைத்து மூடினார். ஆனால் மேல் தட்டில் வைக்கவில்லை. என் மேஜைக்கும் கொண்டுவரவில்லை. தன் மேஜை நடுவில் வைத்துவிட்டு, வெளியே போய்த் தேநீர் குடித்தார். திரும்பி வந்து போனை எடுத்து, அர்பாபை ஒரு முறை இங்கே வரச் சொன்னார்.

வியாழக்கிழமை காலையில் அர்பாப் வந்தார். தடித்த மனிதர், மெல்லிய குரல், கையில் ஜபமாலைபோலத் தஸ்பீஹ் மணி உருண்டுகொண்டே இருக்கும். அவர்கள் அரபியில் பேசினார்கள். காக்கா என் காதோரம் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

உஸ்தாத் சுற்றி வளைக்கவில்லை. என்னை அடுக்கைப் பிடிக்கச் சொன்னார், தாளை முன்னால் வைத்தார், விளக்கை அர்பாப் கையிலேயே கொடுத்தார். "நீங்களே காட்டுங்கள்" என்றார். அர்பாப் காட்டினார். மூன்று புள்ளி. விளக்கை நகர்த்தினார், புள்ளி மறைந்தது. மறுபடி காட்டினார், வந்தது.

"இது நான் செய்த தப்பு" என்றார் உஸ்தாத். "தாள் பொய் சொல்லவில்லை. நான் தப்பான கூட்டத்தில் வைத்தேன்."

அர்பாபின் கையில் மணி உருள்வது நின்றிருந்தது. "என் வீட்டில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா, ஹிக்மத்?"

"தெரியும்."

"காஜி வந்து பார்த்துவிட்டு, இதன் முன்னால் நின்று துஆ ஓதிவிட்டுப் போனார்."

காக்கா என் காதில், "முடிஞ்சுது கதை" என்றார். அது மொழிபெயர்ப்பு இல்லை, அவர் சொந்தக் கருத்து.

அர்பாப் அடுக்கில் இருந்த படத்தைக் கூர்ந்து பார்த்தார். பரிசலில் இருந்த குழந்தையை விரலால் காட்டி, யார் என்று கேட்டார். "மூஸா" என்றார் உஸ்தாத். அர்பாப் அதற்குக் கீழே இருந்த எழுத்தைக் காட்டி, "இதில் அல்லாஹ்வின் பெயர் இருக்கிறதா?" என்றார்.

உஸ்தாத் தேடவே இல்லை. விரலை வைத்து மெதுவாக வாசித்தார். அந்த எழுத்துக்குள்ளிருந்து சுத்தமான பாக்தாத் அரபி வந்தது. நடுவில் "அல்லாஹ்" என்ற சொல் எனக்கே கேட்டது. "மூஸா நபி ஆளுகளை அல்லா மீட்டுக் கொண்டாந்த எடம்" என்றார் காக்கா. இந்தத் தடவை குரல் தணிந்திருந்தது.

அர்பாப் குனிந்து அந்த வரியைப் பார்த்தார். அவரால் அதை வாசிக்க முடியாது, என்னாலும் முடியாது. பிறகு விளக்கை அணைத்து மேஜையில் வைத்தார்.

"தாள் புத்தகத்தோடு போகட்டும். கலாஸ், முடிந்தது. என் சுவருக்கு நாளைக்குள் வேறொன்று வேண்டும், நீ கையால் தொட்டு உறுதி சொன்னது." வாசலுக்குப் போனவர் செருப்பை மாட்டிக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்: "ஹிக்மத், உன் வீட்டார் இங்கே வர வேண்டாம். இந்த வேலையை முடி, நீ அவர்களிடம் போ. டிக்கெட் ஆபீஸில் வாங்கிக்கொள்."

காக்கா இதைத் தமிழில் சொல்லவில்லை. எனக்கும் தேவைப்படவில்லை, அந்த அளவு அரபி எனக்கே புரியும்.

அது தண்டனையா, இல்லை தனக்கும் அவருக்கும் சங்கடம் வேண்டாம் என்று அவர் கண்ட வழியா என்று நாங்கள் பிறகு பலமுறை பேசியிருக்கிறோம். காக்கா ஒரு நாள் தண்டனை என்பார், இன்னொரு நாள் இல்லை என்பார். உஸ்தாத் அந்த மாதமே அம்மானுக்குப் போனார். அங்கே படங்களுக்குச் சட்டம் போடும் ஒரு கடையில் இருப்பதாக யாரோ சொல்லிக் கேள்விப்பட்டோம். எங்கள் அறைக்கு வேறொருவர் வந்தார். நல்லவர்தான். மேஜையில் தட்ட மாட்டார், வாயால் சொல்லிவிடுவார். சில வருஷத்தில் அறையையே மூடினார்கள். நான் வேறு கம்பெனிக்கு மாறினேன், அஜ்மானிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். மீதிக் கதை உங்களுக்குத் தெரியும்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமையைச் சொல்லி முடிக்கிறேன்.

சனிக்கிழமை வியாபாரி வருகிறான் என்பதால் விடுமுறை நாளிலும் மூவரும் வந்திருந்தோம். உஸ்தாதும் காக்காவும் காலையிலேயே அர்பாபின் சுவருக்கு வேறொரு குர்ஆன் தாளைச் சட்டம் போட்டு முடித்தார்கள். ஜும்ஆ தொழுகைக்குப் புறப்படும்போது உஸ்தாத் பச்சைத் துணியைப் பிரித்து, பூவேலைத் தாளை எடுத்து, என் மேஜையில் வைத்தார்.

"இது இனி உன் மேஜை வேலை. முதுகுக்குப் பட்டை ஒட்டிவிட்டேன். முதல் மட்டோடு சேர்த்துத் தை."

"நீங்க வந்து தைங்க உஸ்தாத்."

"என் கை இன்றைக்குச் சரியில்லை" என்றார். துணியை மடித்து மேல் தட்டில் வைத்துவிட்டு, காலணியை மாட்டிக்கொண்டு போனார். காக்கா என் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் பின்னால் போனார்.

அறையில் நான் மட்டும் இருந்தேன். அந்தத் தாளை நான் அதுவரை தொட்டதே இல்லை. இத்தனை மாதம் அது இருந்த தட்டும் சுவரும் வேறு. இப்போது அது மூன்றாவது கூட்டம். யாரும் என்னைத் தடுக்கவில்லை, எந்த விதியும் என்னிடம் எதையும் கேட்கவில்லை.

நூலில் மெழுகு தடவி வைத்தேன். பிறகு எழுந்து கிடங்குக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குப் போனேன். காக்கா செய்வதைத் தினமும் பார்த்திருக்கிறேன். கையை மணிக்கட்டு வரை கழுவினேன், வாயைக் கொப்பளித்தேன், முகம் கழுவினேன், முழங்கை வரை தண்ணீர் விட்டேன், ஈரக் கையால் தலையைத் தடவினேன், கடைசியில் கால். சொல்ல வேண்டிய வார்த்தை எனக்குத் தெரியாது, அதனால் எதுவும் சொல்லவில்லை.

உள்ளே வந்து ஏ.சி.க்கு நேராக நின்று இரண்டு கையையும் விரித்துப் பிடித்தேன். விரல் இடுக்கு காயத்தான் நேரமாகும். முழுக்கக் காய்ந்த பிறகு உட்கார்ந்து, தாளை எடுத்து முதல் மட்டின் மேல் வைத்து, ஓட்டைகள் மூன்றும் சேர்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, ஊசியை விட்டேன்.